ஓர் இமைப்பு முந்தி

அண்ணன் செருப்பைத் தட்டாமல் வீட்டுக்குள் வந்தார்.

மழைக்கு முந்தைய அந்த மங்கலான சாயங்காலத்தில், வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பாட்டு மேசையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த தம்பிக்கு முதலில் அது தெரியவே இல்லை. கேட்க வேண்டிய சத்தம் கேட்காமல் போனால் யாருக்குத்தான் உடனே தெரியும்? தினமும் கேட்பது இப்படி: வாசல்படியில் ஒரு செருமல். பிறகு வலது செருப்பு, படியின் விளிம்பில் டப் டப் என்று இரண்டு தட்டு. அப்புறம் இடது செருப்பு ஒரே தட்டு, இடது காலில் அவ்வளவாக மண் ஒட்டாது என்று யாரோ உறுதி கொடுத்த மாதிரி. அதைக் கேட்டுத்தான் அண்ணி அடுப்பைப் பற்றவைப்பாள். அதைக் கேட்டுத்தான் பக்கத்து வீட்டு நாய் குரைப்பதை நிறுத்தும். அன்று நாய் குரைத்துக்கொண்டே இருந்தது. தம்பியின் முதுகுக்குப் பின்னால் வியர்த்த சட்டை வாசனையும், அண்ணன் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடிச் சில்லு தேய்க்கும் இடத்தின் மெல்லிய எரிந்த வாசனையும் வந்து நின்றன. வந்தவை நகரவில்லை.

திரும்பிப் பார்த்தான். கூடத்தின் நடுவில், செருப்போடு, அண்ணன் நின்றுகொண்டிருந்தார். அடுத்து என்ன செய்வது என்று யாராவது சொல்வார்கள் என்பதுபோல.

"எப்ப வந்தீங்கண்ணே?"

"இப்பதான்."

"உக்காருங்க."

உட்கார்ந்தார். நாற்காலியை இழுத்து, உள்ளங்கையால் அதை ஒரு தட்டுத் தட்டித் தூசி பார்த்து, பிறகு உட்காரும் மனிதர், வெறுமனே உட்கார்ந்தார். அவருடைய மூக்குக்கண்ணாடி முழுக்க விரல் ரேகையும் வியர்வையும் காய்ந்து மங்கலாக இருந்தது. ஊராருக்கெல்லாம் கண்ணாடி துடைத்துக் கொடுப்பவர். அந்த மங்கலுக்குப் பின்னால் இருந்த கண்கள் தம்பியின் கையிலிருந்த தேநீர்க் கோப்பையை, அது உதட்டுக்குப் போவதை, திரும்பி மேசைக்கு வருவதை, ஒன்று விடாமல் பார்த்துக்கொண்டிருந்தன.

அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த அண்ணி, "செருப்போடவே வந்துட்டீங்களா? வீடா, சந்தையா இது?" என்றாள்.

அண்ணன் தன் கால்களைப் பார்த்தார். பிறகு தம்பியின் கால்களைப் பார்த்தார். பிறகுதான் செருப்பைக் கழற்றினார்.

தம்பிக்குக் காது மடல் சுட்டது. அந்தச் செருமலும், டப் டப்பும், கடைசி ஒற்றைத் தட்டும் எங்கே போயின என்று இந்த உலகத்தில் ஒருவனுக்குத்தான் தெரியும். அவற்றுக்கு முந்தின நாள் அரங்கத்தில் பலத்த கைத்தட்டல் கிடைத்திருந்தது.

அவன் நடிகன். இதை அவன் சொல்லிக்கொள்ளத் தொடங்கியதே சமீபத்தில்தான். அதற்கு முன்பு பல வருடங்களாக அவன் கதவைத் திறப்பவன், கடிதம் கொடுப்பவன், "ஐயோ, அவர் போயிட்டாரே" என்று ஓடிவந்து சொல்லிவிட்டு, யாருக்கு எதைச் சொன்னோம் என்று தெரியாமலே இருட்டுக்குள் போய் நிற்பவன். இப்போதுதான், நரைத்த மீசைக்கு மை தடவ வேண்டிய வயதில், ஒரு முழு நாடகம் கிடைத்தது. கடையில் வேலை பார்க்கும் ஓர் எளிய மனிதர், அவருடைய ஒரே மகள், கடைசியில் ஒரு கெட்ட செய்தி. பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். எப்படி இந்தப் பாத்திரத்தை உருவாக்கினீர்கள் என்று கேட்டார்கள். அவன் கண்ணை மூடி, விரல் நுனிகளைக் கோத்து, ஞானம் இறங்க வேண்டிய அளவு நேரம் கொடுத்துவிட்டுச் சொன்னான்:

"பாத்திரத்துக்குள்ள நான் போறதில்லைங்க. நான் காலி ஆகுறேன். அது வந்து குடியேறுது."

குடியேறியதாகச் சொல்லப்பட்டது, அந்த நேரத்தில் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து, அவனுடைய அறுந்த செருப்புக்கும் சேர்த்து வார் தைத்துக்கொண்டிருந்தது என்பதை அவன் சொல்லவில்லை. மாடியறையில் அவனைச் சும்மா தங்கவைத்திருப்பது, கல்யாணம் வேண்டாம் என்று அவன் சொன்னபோது "அவன் கலைஞன், விடு" என்று அண்ணியை அடக்கியது, ஒவ்வொரு கதவு திறக்கும் வேடத்துக்கும் சட்டை தேய்த்துக் கொடுத்தது, எல்லாம் அதுதான்.

அவனுடைய முறைக்கு அவன் மேடையில் வைத்த பெயர் உள்வாங்குதல். மனசுக்குள் வைத்திருந்த பெயர் முந்துவது. ஒருவருக்குச் சற்றுப் பின்னால், அவர் பார்வை படாத இடத்தில் நின்றுகொண்டு, அவர் செய்வதை அவனும் செய்வான். முதலில் பிந்திச் செய்வான். சில நாளில் கூடவே செய்வான். பிறகு ஒரு நாள், அவர் செய்வதற்கு ஓர் இமைப்பு முந்தி இவன் உடம்பு அதைச் செய்துவிடும். அண்ணனின் தொண்டை செருமுவதற்குள் இவன் தொண்டை செருமிவிடும். அந்தக் கணத்தில் எங்கோ ஒரு சின்னத் திருகு கழன்று உள்ளங்கையில் வந்து விழுந்த மாதிரி ஒரு சுகம். 'முந்தியாச்சு' என்று சொல்லிக்கொள்வான். திருகு எதிலிருந்து கழன்றது என்று கேட்டுக்கொண்டதில்லை.

இப்படித்தான் செருமல் வந்தது. செருப்புத் தட்டுவது வந்தது. கண்ணாடியை வாய்க்கருகில் கொண்டுபோய் 'ஹா' என்று ஊதி, சட்டை நுனியால் துடைத்து, ஒரு கண்ணை மூடி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது வந்தது. விடுதியில் தங்கிப் படிக்கும் மகள் மைனா ஊருக்கு வரும்போதெல்லாம் அண்ணன் செய்யும் ஒன்று உண்டு. இடது கையில் அவள் பையை வாங்கிக்கொண்டு, வலது உள்ளங்கையை அவள் உச்சந்தலையில் வைத்து, அப்படியே தன் தோளுக்குக் கொண்டுவந்து அளந்து, "அரை விரல் கூடியிருக்கே" என்பார். அவள் வளர்வதை நிறுத்தி வருடங்கள் ஆகின்றன. அதுவும் வந்தது. இரண்டாம் காட்சியில் அதற்குப் பெண்கள் கைக்குட்டை எடுத்தார்கள்.

முதல் நாள் நாடகத்துக்கு அண்ணன் தேய்த்த சட்டை போட்டு முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். சுற்றியிருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த இடத்தில் எல்லாம் அவரும் சிரித்தார். திரும்பி வரும் வழியில், தெருவிளக்குகளுக்கு அடியில், மெதுவாகக் கேட்டார்:

"அந்த ஆளு பாவம்டா. யாரைப் பாத்துடா புடிச்ச?"

"கற்பனைதாண்ணே."

"நல்ல கற்பனை. எனக்கு அவனை எங்கயோ பாத்த மாதிரியே இருந்துச்சு."

சொல்லிவிட்டு அண்ணன் சிரித்தார். அவருக்குச் சிரிப்பு எப்போதும் தோளில்தான் தொடங்கும். சத்தம் பின்னால் வரும். அன்று தோள் அசையவில்லை. வாய் மட்டும் திறந்து மூடியது. தம்பி தலையைக் குனிந்து, காது மடலைப் பிடித்துக்கொண்டு நடந்தான். வெட்கம் வந்தால் காது மடலைப் பிடிப்பதுகூட, சின்ன வயதில் அப்பாவிடம் மாட்டிக்கொண்ட அண்ணன் செய்தது. நாலு தெரு தாண்டித்தான் அவனுக்கு அது உறைத்தது. உடனே கையை எடுத்தான். எடுத்த கையை என்ன செய்வதென்று தெரியவில்லை.

அந்த வாரம் ஒத்திகைக் கூடத்தில் இயக்குநர் அவனை நிறுத்தினார். கூடத்துக்குள் காற்றே வராது. ஆனாலும் கழுத்தில் சால்வை. வெந்நீரைத் தவிர எதையும் குடிக்க மாட்டார். 'நடிக்காதீங்க, இருங்க' என்பார். எப்படி இருப்பது என்று கேட்டால் கோபம் வரும்.

"கடைசிக் காட்சில வலி இருக்கு. ஆனா வலிக்கு விலாசம் இல்ல" என்றார்.

"சார்?"

"மகளுக்கு விபத்துன்னு செய்தி வருது. நீங்க அழறீங்க. யாரோ அழறாங்க. அந்த மனுஷன் அழல. முதல் பாதில அந்த ஆளை எனக்குத் தெரியும், அவர் செருப்பு வரைக்கும் தெரியும். அழும்போது அவர் எங்க போறார்?"

அண்ணன் அழுது அவன் பார்த்ததே இல்லை. அப்பா போனபோதுகூட அவர் முதுகுதான் தெரிந்தது.

"வெள்ளிக்கிழமை பெரிய அரங்கு" என்று இயக்குநர் சால்வையைச் சரிசெய்தார். "அதுக்குள்ள அந்த ஆளைக் கூட்டிட்டு வாங்க. இல்லன்னா டிவில நடிக்கிற பையன் ஒருத்தன் கேட்டுட்டே இருக்கான். அவனுக்கு அழ வருமான்னு தெரியாது. அவனைப் பாக்கக் கூட்டம் வரும்."

உடுப்பு அறையில், மூட்டை கட்டிய பழைய திரைச்சீலைகளின் பூஞ்சை வாசனைக்கு நடுவே, தையல்காரர் அவன் கோட்டுக்கு அளவு பார்த்தார். இவரும் ஒரு பழைய கடன்தான். போன நாடகத்தில் அவனுக்கு ஒரு முடிதிருத்துபவர் வேடம். நாலே வரி வசனம். அதற்கு இந்தத் தையல்காரரிடமிருந்து ஒரு முனகல் பாட்டை எடுத்திருந்தான். உதட்டில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே மூக்கால் பாடுவார். இப்போது அறை அமைதியாக இருந்தது. அமைதி தாங்காமல், தன்னையறியாமல், தம்பி அந்தப் பாட்டை முனகினான்.

தையல்காரரின் கை நின்றது. தலையைச் சாய்த்துக் கேட்டார், ரொம்பத் தூரத்திலிருந்து யாரோ தன் பெயரைச் சொல்வதுபோல.

"அது என்ன பாட்டுங்க?"

"உங்க பாட்டுதானே."

"எனக்கா? எனக்குப் பாட்டே வராதுங்களே."

சொல்லிக்கொண்டே குண்டூசியைச் செருகினார். அது துணியைத் தாண்டி, அவருடைய இடது கட்டைவிரலுக்குள் இறங்கி நின்றது. ஒரு துளி ரத்தம் ஊசியின் தண்டில் ஏறி உருண்டது. அவர் 'ஸ்' என்றுகூடச் சொல்லவில்லை. முடிதிருத்துபவர் வேடத்தில், கத்தி பட்ட இடத்தில், அந்த 'ஸ்' நன்றாக எடுபட்டிருந்தது என்பது தம்பிக்கு ஞாபகம் வந்தது.

அன்று வீடு வரைக்கும் நடந்தே வந்தான். கடைவீதியில் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எதிரில் வந்த கிழவர் தலையைச் சொறிந்தபோது தன் கையைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டான்.

அண்ணி மாடிக்கே ஏறி வந்துவிட்டாள். அவள் மாடிக்கு வருவது தண்ணீர்த் தொட்டி வழிந்தால் மட்டும்.

"தம்பி, உங்க அண்ணன் ஒரு மாதிரியா இருக்கார்."

"வேலை ஜாஸ்தியா இருக்கும் அண்ணி."

"வேலையா! கடை முதலாளி போன் பண்றார், வலது கண்ணுக்குப் போட வேண்டியதை இடது கண்ணுக்குப் போட்டுக் குடுத்துட்டாராம். டாக்டர்கிட்ட போனோம், எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லி சத்து மாத்திரை குடுத்தார். எனக்கு மாத்திரையா வேணும்?" குரல் தழைந்தது. "நேத்து நான் கீழ விழுந்தேன், குளியலறையில. சத்தம் கேட்டு வந்தார். வாசல்ல நின்னு பாக்கிறார். அவ்வளவுதான். பாக்கிறார். 'என்னங்க, தூக்கி விடுங்க'ன்னேன். உடனே தூக்கினார். சொன்னாத்தான் தெரியுதுடா."

அவன் தரையைப் பார்த்தான்.

"மைனா நாளைக்கு வர்றா. அவளுக்கு அப்பான்னா உசிரு. இப்படி இருக்கிற ஆளைப் பாத்தா அந்தப் பொண்ணு என்ன ஆவா? உனக்குத்தான் மனுஷங்களை நல்லா கவனிக்கத் தெரியுமே. பேப்பர்ல எல்லாம் போட்டிருக்கான். நீ கொஞ்சம் அண்ணனைக் கவனியேன்."

இந்த வார்த்தைக்குப் பதிலாக அவள் அவனை அறைந்திருக்கலாம்.

அன்று சாப்பாட்டு மேசையில் அவன் திருப்பிக் கொடுக்க முயன்றான். அண்ணனின் கண்ணாடியை வாங்கி, வாய்க்கருகில் வைத்து, 'ஹா' என்று ஊதி, சட்டை நுனியால் துடைத்து, ஒரு கண்ணை மூடி விளக்குக்கு நேரே பிடித்தான். பிறகு அதை அண்ணன் கையில் கொடுத்தான். "இப்படித்தாண்ணே. நீங்க செய்யிற மாதிரி. செய்யுங்க."

அண்ணன் அவன் வாயைப் பார்த்தார். கண்ணாடியை மேசையில் வைத்தார். வெறும் கையை உதட்டருகே கொண்டுபோய், "ஹா" என்றார். காற்றில். பிறகு ஒரு கண்ணை மூடினார்.

"அண்ணனும் தம்பியும் கண்ணாடிக்கு வைத்தியம் பாக்குறீங்களா?" என்று அண்ணி சிரித்தாள்.

"ஹா" என்றார் அண்ணன். இன்னொரு தடவை. "ஹா." மூடிய கண்ணைத் திறக்கவில்லை. "ஹா."

அண்ணியின் சிரிப்பு நின்றது. யாரும் சாப்பிடவில்லை.

மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. பகலெல்லாம் ஓட்டில் விழுந்து, குழாயில் இறங்கி, சந்தில் ஓடி, வீட்டைச் சுற்றி ஓயாத ஒரு முணுமுணுப்பாக நின்றது. சாயங்காலம் தம்பி மாடியில் ஒரு வாக்கியத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான்: 'அண்ணே, நாடகத்தை நான் விட்டுட்டேன். உங்ககிட்ட எடுத்ததை இனிமே செய்ய மாட்டேன்.' செய்வதை நிறுத்தினால் ஒருவேளை அவை தானாக வீடு திரும்பும். பூனை திரும்புவதில்லையா? கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தான். மூன்றாவது தடவை குரல் நன்றாக உடைந்தது. நன்றாக உடைந்தது என்று கவனித்த தன்னைக் கண்ணாடியில் பார்க்கப் பிடிக்காமல் கீழே இறங்கினான்.

உண்மையாகவே விடத்தான் இறங்கினான். அதில் சந்தேகம் வேண்டாம்.

அண்ணி குடை எடுத்துக்கொண்டு மைனாவை அழைத்துவரப் பஸ் நிறுத்தத்துக்குப் போயிருந்தாள். கூடத்தில் விளக்கு எரிந்தது. அண்ணன் நாற்காலியில், அண்ணி உட்காரவைத்த இடத்தில், இரு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஈரச் சுவரின் வாசனை. மெல்லிய கடிகாரச் சத்தம். அவர் முகம், கழுவிவைத்த தட்டு மாதிரி இருந்தது.

"அண்ணே."

"ம்."

"ஒண்ணு சொல்லணும்."

"மைனா வர்றா" என்றார் அண்ணன்.

சொல்லச் சொல்லிக் கொடுத்ததைச் சொன்ன குரல்தான். ஆனால் அந்தப் பெயர் வந்தபோது, அவருடைய மோவாய்க்கு அடியில், தொண்டைக்குழிக்குச் சற்று மேலே, ஏதோ ஒன்று துடித்தது. சுவருக்குப் பின்னால் யாரோ புரண்டு படுத்த மாதிரி.

தம்பி அதைப் பார்த்துவிட்டான்.

எல்லாம் போகவில்லை. ஒன்று மிச்சம் இருந்தது. யாரும் தொடாதது. அப்பாவின் சாவிலும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்தது.

வெள்ளிக்கிழமை பெரிய அரங்கு. ஒரே ஒரு தடவை. இதைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் விட்டுவிடலாம். இல்லை, இப்போதே சொல்லிவிடலாம், 'நாடகத்தை விட்டுட்டேன்' என்று. வாய் திறந்தது. அவன் காதில் விழுந்தது வேறு.

"அண்ணே... மைனா வந்த பஸ்..."

அங்கே நிறுத்தினான். எங்கே நிறுத்த வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். அது ஒன்றுதான் அவனுடைய சொந்தச் சரக்கு.

அண்ணன் நிமிர்ந்தார்.

"பாலத்துக்கிட்ட. மழையில... இப்பதான் போன் வந்துச்சு."

முதலில் வலது கை எழுந்து சட்டைப்பையைத் தேடியது. கண்ணாடி மூக்கில்தான் இருந்தது. ஆனாலும் தேடியது, செய்தியை இன்னும் நன்றாகப் பார்க்க வேண்டும் என்பதுபோல. யார் நினைத்துப் பார்ப்பார்கள் இதை? எந்த எழுத்தாளன் எழுதுவான்? தம்பியின் கை அவன் பையில் இருந்தது. கொஞ்சம் பிந்தி. பிறகு அண்ணனின் கீழுதடு உள்ளே மடங்கி, பல்லுக்குப் பின்னால் ஒளிந்தது. மோவாயில் ஊசி குத்தியதுபோல் சின்னச் சின்னக் குழிகள் விழுந்தன. மூச்சு உள்ளே போய்க்கொண்டே இருந்தது, வெளியே வரும் வழியை மறந்து. தம்பியின் உதடும் மடங்கியது. கூடவே. 'சீ, நிறுத்து' என்றது உள்ளே ஒன்று. காது எரிந்தது. கண்ணில் நீர் முட்டியது. அது யாருக்காக என்று தெரியவில்லை. அண்ணனின் தோள் இறங்கத் தொடங்கியது, கனமான எதையோ, உடைந்துவிடக் கூடாத எதையோ, தரையில் இறக்கிவைப்பதைப்போல. இதோ. இப்போது. சத்தம் வரப்போகிறது. தொண்டைக்குழிக்கு மேலே அது துடித்து எழுந்தது...

தம்பியின் வாயிலிருந்து வந்தது.

ஓர் இமைப்பு முந்தி.

நீளமான, தாழ்ந்த, மனிதக் குரல் என்று நம்ப முடியாத ஒரு சத்தம். கூடத்தின் நாலு சுவரிலும் பட்டுத் திரும்பியது. அவன் கேட்டதிலேயே உண்மையான அழுகை. விலாசத்தோடு.

அது ஓய்ந்தபோது மழை மட்டும் கேட்டது.

அண்ணனின் முகத்தில் ஒன்றும் இல்லை. குழிகள் இல்லை. சுருக்கம்கூட இல்லை. உதடு வெளியே வந்து தன் இடத்தில் நேராக இருந்தது. சட்டைப்பையிலிருந்து கை முழங்காலுக்குத் திரும்பியிருந்தது.

"அண்ணே. பொய்ணே. சும்மா. ஒத்திகைக்காகச் சொன்னேன்."

"சரி."

"மைனாவுக்கு ஒண்ணும் இல்ல. நல்லா இருக்கா. வந்துட்டே இருக்கா."

"சரி."

"அண்ணே, நான் செஞ்சது மன்னிக்கவே கூடாத காரியம். என்னை அடிங்க. ஒரு அறை அறைங்கண்ணே."

அண்ணன் தன் கைகளைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

"எப்படி?" என்றார்.

கேட்டுவிட்டுக் காத்திருந்தார். மங்கலான கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் அசையவில்லை. பொறுமையாக. ஒரு நல்ல மாணவனைப்போல.

தம்பி பின்வாங்கினான். முதுகு சுவரில் மோதியது. முழங்கால் நடுங்கியது. அண்ணனின் முழங்காலும் நடுங்கியது. கொஞ்சம் பிந்தி. அவன் கையை வாயில் வைத்து அடைத்தான். எதிரே ஒரு கை எழுந்து ஒரு வாயை அடைத்தது.

வெளியே இரும்புக் கதவு கிரீச்சிட்டது. பேச்சுக் குரல். பெண்பிள்ளையின் சிரிப்பு.

ஓட வேண்டும். மாடிக்கு. தெருவுக்கு. கால் நகரவில்லை. இவர்கள் வந்து பார்ப்பார்கள். நாற்காலியில் இருப்பதைப் பார்ப்பார்கள். கேட்பார்கள். என்ன சொல்வது? எந்த முகத்தை வைத்துக்கொண்டு?

கதவு திறந்தது. மழைவாசனையும் குளிரும் உள்ளே வந்தன. அண்ணி குடையை உதறினாள். கூடத்து விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. இருட்டு என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. அண்ணி நாற்காலியைப் பார்த்தாள். சுவரோரம் நின்றவனைப் பார்த்தாள்.

"என்னங்க, மரம் மாதிரி நிக்கிறீங்க? அவ கையில இருக்கிற பையை வாங்குங்க."

அவனைப் பார்த்துத்தான் சொன்னாள்.

இல்லை அண்ணி. நான். நான்தான். வாயைத் திறந்தான். செருமல் வந்தது.

"அப்பா!"

மைனா ஓடிவந்தாள். நனைந்த முடி. பஸ்ஸின் புகை வாசனை. நாற்காலியைத் தாண்டி, அதன் முழங்காலில் பாவாடை உரச, நேராக அவனிடம். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளப் பார்த்தான். இடது கை பையை வாங்கிக்கொண்டது. வலது கை எழுந்தது. அவள் ஈர உச்சந்தலையில் உள்ளங்கை அமர்ந்தது. தோளுக்கு வந்தது.

"அரை விரல் கூடியிருக்கே."

அண்ணனின் குரல். எந்தப் பிசிறும் இல்லாமல்.

"போங்கப்பா! நான் வளர்றதை நிறுத்தி எவ்வளவு நாளாச்சு." அவள் அவன் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள். "சித்தப்பா ஏம்ப்பா அப்படி உக்காந்திருக்கார்?"

"ஏதாவது ஒத்திகையா இருக்கும். விடு" என்று அண்ணி அடுக்களைக்குப் போனாள். இத்தனை நாளுக்குப் பிறகு அவள் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. "என்னங்க, சூடா ஏதாவது குடிக்கிறீங்களா?"

அவன் கத்த நினைத்தான். தோள்தான் குலுங்கியது. அதற்குப் பின்னால் சிரிப்பு வந்தது.

மைனாவின் தலைக்கு மேலாக அவனுக்கு நாற்காலி தெரிந்தது. அதில் இருந்தவரின் வலது கை முழங்காலிலிருந்து மெல்ல எழுந்தது. காற்றில், ஒரு பெண்ணின் உச்சந்தலை இருக்க வேண்டிய உயரத்தில், உள்ளங்கையைக் கவிழ்த்து நின்றது. அங்கே ஒன்றும் இல்லை. அந்த ஒன்றுமில்லாததை அது பத்திரமாகத் தோளுக்குக் கொண்டுவந்து அளந்தது. உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை. கை மறுபடியும் எழுந்தது, அவனையே பார்த்தபடி, ஓர் இமைப்பு பிந்தி.